நாலாவது சிலிண்டர்

“தலை உடலை விட்டுப் பிரிந்து போக வாய்ப்பு உள்ளது” என்ற வரியை பாண்டிராஜ் ஐந்தாவது தடவையாக வாசித்து முடித்தபோது, புரோட்டா மேல் ஊற்றிய சால்னா ஆறி எண்ணெய் ஆடை கட்டியிருந்தது.

கம்பெனி சொன்னது எஞ்சின் சிலிண்டரின் தலையை. இருந்தாலும் அவனுடைய இடது கை தானாகப் போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

எதிரே உட்கார்ந்து இன்னொரு புரோட்டாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி, “யாரு மெசேஜுலே? மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?” என்றார்.

“எஞ்சின் கம்பெனிக்காரன் அண்ணாச்சி. நம்ம எஞ்சினுக்கு எச்சரிக்கை போட்டிருக்கான்.”

“போடட்டும். பீடிக்கட்டுல கூடத்தான் போட்டிருக்கான்.”

இலத்தூரில் பாண்டிராஜுக்கு டிராக்டர் ஒர்க்‌ஷாப். அதன் பின்பக்கத்துக் கொட்டகையில் ஆறு வருஷமாக அவன் ஒரு விமானம் செய்துகொண்டிருந்தான். பொம்மை இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். வரைபடம் தபாலில் வந்தது. அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, பன்னிரண்டாயிரம் ரிவெட் அடித்ததில் பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. எஞ்சின் மட்டும் பழசு. மூடிப்போன ஒரு பிளையிங் கிளப்பிலிருந்து வந்தது. பட்டாளத்தில் லாரி எஞ்சின் பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற சங்கிலிப்பாண்டி அதைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். தென்காசி பஜாரில் நம்பர் பிளேட் எழுதி, எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற செல்லப்பா, வாலில் பதிவு எழுத்துகளைக் கோணாமல் எழுதிக் கொடுத்தார். ஓட்டுகிற லைசென்ஸை பாண்டிராஜ் வெளியூரில் தங்கிப் படித்து வாங்கினான். அங்கே பக்கத்து சீட்டில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இங்கே அந்த சீட் காலியாக இருக்கப் போகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அவர் கண் முன்னால் முதல் தடவையாகப் பறந்து காட்ட வேண்டும். மூன்று வருஷம் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி மே மாதத்தோடு முடிகிறது. அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சீசன் காற்று கிளம்பிவிடும். கூரைத் தகட்டையே கழற்றி அடுத்த தெருவில் போடுகிற காற்று. சாரலும் சேர்ந்துகொண்டால், ஓடுபாதையாக ரோலர் விட்டுச் சமன்படுத்தி வைத்திருந்த குளத்துப் படுகை மறுபடியும் குளமாகிவிடும்.

பாண்டிராஜுக்கு உள்ளுக்குள் பயம் முன்பே இருந்தது. ஆனால் அது எங்கே குடியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இப்போது அதற்கு விலாசம் கிடைத்துவிட்டது.

மின்னஞ்சல் சொன்னது இதுதான். 51001 முதல் 54215 வரை எண் கொண்ட சிலிண்டர்கள் தொழிற்சாலையில் சரியாகப் பதப்படுத்தப்படவில்லை. அலுமினியத் தலையும் இரும்பு உடலும் சேருகிற இடத்தில் விரிசல் விடலாம். விரிசல் முற்றினால் பறக்கும்போதே தலை தெறித்துப் போகலாம். அந்த எண்கள் இருந்தால் பறக்காதீர்கள்.

புரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். நான்கு சிலிண்டர்களில் மூன்றின் எண்கள் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றும் முப்பதாயிரத்துச் சொச்சம். கவலை இல்லை. நாலாவது சிலிண்டரின் எண் பின்பக்கம், அடி விளிம்பில், தகட்டு மறைப்புக்குப் பின்னால் இருந்தது. குனிந்தாலும் தெரியவில்லை, படுத்தாலும் தெரியவில்லை.

பாண்டிராஜ் போனில் கேமராவை ஆன் செய்து, இரண்டு விரலால் பிடித்து இடுக்குக்குள் விட்டான். வியர்த்த விரல். போன் வழுக்கி உள்ளே போய்விட்டது.

பிறகு அது அடித்தது. எஞ்சினின் வயிற்றுக்குள்ளிருந்து முருகன் பாட்டு ஒலித்தது. உமாராணி கூப்பிடுகிறாள். இலத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற அவன் மனைவி, ஒரு தடவை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பவள். ஏழாவது தடவை அடிக்கும்போது தகட்டு மறைப்பில் பதினாலு ஸ்குரூ கழன்றிருந்தது.

போனை எடுத்தபின் சங்கிலிப்பாண்டி டார்ச்சோடு தலையை நுழைத்தார்.

“அஞ்சு” என்றார். “நாலு.”

பாண்டிராஜ் இறக்கையைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டு. ஒண்ணு.”

“கடைசி என்ன அண்ணாச்சி?”

“இருலே, மூக்குல தூசி ஏறிட்டு.” அவர் தலையை வெளியே எடுத்து, நிதானமாக மூன்று தும்மல் போட்டு, மறுபடி நுழைத்தார். “ஆறு.”

54216. பட்டியல் 54215-ல் முடிகிறது.

“தப்பிச்சாச்சு” என்று சங்கிலிப்பாண்டி அவன் முதுகில் அடித்தார். அந்த அடியில் கூட பாண்டிராஜுக்கு எலும்பு விரிசல் விடுகிற மாதிரி இருந்தது.

நிம்மதி ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நின்றது. அப்புறம் அவன் யோசிக்க ஆரம்பித்தான். 54215-ஐச் செய்தவனும் 54216-ஐச் செய்தவனும் ஒரே ஆளாகத்தான் இருப்பான். அதே உலை, அதே சாயங்காலம். முன்னதைக் கெடுத்தவன் பின்னதை மட்டும் எப்படிச் சரியாகச் செய்தான்? நடுவில் என்ன நடந்தது?

“ஒரு சிலிண்டரைக் கெடுத்தவன் அடுத்த சிலிண்டருக்குள்ள திருந்திட்டானா அண்ணாச்சி?”

“சூப்பர்வைசர் வந்து வஞ்சிருப்பான்லே.”

இந்தப் பதில் போதுமானதாக இல்லை. கம்பெனிக்கு எழுதினான். மறுநாளே பதில் வந்தது: உங்கள் எண் பட்டியலில் இல்லை, ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒரே வரி. இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. சென்னை அதிகாரிக்குப் போன் போட்டான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வீட்டில் கட்டிய விமானம் என்பதால் இந்த மாதிரி விஷயத்தில் தயாரிப்பாளர் முடிவுதான் முடிவு என்றார். பறக்கத் தகுதியானது என்று தயாரிப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி ஃபைலில் வைத்துவிடச் சொன்னார்.

“தயாரிப்பாளர் நான்தான் சார்.”

“அப்போ உங்ககிட்டயே வாங்கிக்கோங்க.”

அன்று மத்தியானம் பாண்டிராஜ் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதினான். ‘தயாரிப்பாளர் பாண்டிராஜ் ஆகிய நான், உரிமையாளர் பாண்டிராஜ் ஆகிய தங்களுக்கு உறுதி கூறுவது என்னவென்றால்’ என்று ஆரம்பித்து, கையெழுத்துப் போட்டு, தானே வாங்கி வாசித்தான். நம்புகிற மாதிரி இல்லை. எழுதிய ஆளைப் பற்றி அவனுக்கு நன்றாகவே தெரியும்.

கண்ணால் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று செவ்வாய்க்கிழமை சோப்புத் தண்ணீர்ச் சோதனை செய்தான். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரிலிருந்து சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, தலையும் உடலும் சேருகிற இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். விரிசல் இருந்தால் குமிழி வரும்.

குமிழி வந்தது. சுற்றிலும் வந்தது. பாண்டிராஜ் பின்பக்கமாகவே நடந்து போய் டிராக்டர் சக்கரத்தில் முட்டிக்கொண்டான்.

சங்கிலிப்பாண்டி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “எவ்வளவு சோப்புலே போட்ட?”

“அரைப் பாக்கெட்டு.”

“இந்தத் தண்ணியைக் கருங்கல்லுல ஊத்துனாலும் குமிழி வரும். பயந்தாங்கொள்ளி சவமே.”

அவர் துடைத்துவிட்டு, தண்ணீரை மாற்றி, இன்னொரு தடவை தடவினார். குமிழி இல்லை. ஆனால் முதலில் வந்ததை பாண்டிராஜ் பார்த்துவிட்டான். பார்த்ததைப் பார்க்காததாக்க அவனால் முடியவில்லை. சிலிண்டரைக் கழற்றி உள்பக்கமும் பார்த்துவிடலாம் என்றான். சங்கிலிப்பாண்டி வேண்டாம் என்றார். அவன் விடவில்லை. கழற்றினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் உள்ளே ஒரு கீறல் கிடையாது. திருப்பி மாட்டும்போது எட்டு நட்டில் ஏழுதான் இருந்தது.

சிலிண்டர் இருந்த இடத்தில் எஞ்சினின் வயிறு திறந்து கிடந்தது. இருவரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள்.

“உள்ள விழுந்திருக்குமோ” என்று பாண்டிராஜ் கேட்டபோது சங்கிலிப்பாண்டி டார்ச்சை எடுத்து ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் ஒரு நட்டு உருண்டுகொண்டிருந்தால் தலை தெறிக்கக்கூட வேண்டாம். வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

செயின் பிளாக் கட்டி எஞ்சினை முழுசாக இறக்கினார்கள். கவிழ்த்தார்கள். உண்டியலைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினார்கள். அடியில் ஆயில் தட்டைக் கழற்றினார்கள். மற்ற மூன்று சிலிண்டர்களையும் கழற்றினார்கள். புதன்கிழமை முழுக்க சங்கிலிப்பாண்டி டார்ச்சை விட்டு மூலை முடுக்கெல்லாம் தேடினார். சாயங்காலம் கொட்டகைக்கு வந்த உமாராணி, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம் சாமான் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார்கள்.

“அண்ணாச்சி கையில இருக்க டார்ச்சுக்குப் பின்னால என்ன ஒட்டிக்கிட்டிருக்கு?”

எங்கே வேண்டுமானாலும் ஒட்டி வைத்துக்கொள்ள வசதியாக அந்த டார்ச்சின் அடியில் காந்தம் உண்டு. அந்தக் காந்தத்தில், ஒன்றரை நாளாக அவர்களோடு சேர்ந்து தன்னைத்தானே தேடிக்கொண்டு, எட்டாவது நட்டு ஒட்டியிருந்தது.

சங்கிலிப்பாண்டி கொஞ்ச நேரம் குற்றாலம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை உச்சியில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். ஒவ்வொரு நட்டும் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டுமோ அவ்வளவு இறுக்கி, சிவப்புச் சாயத்தில் கோடு போட்டார்கள். பாண்டிராஜ் ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை எண்ணினான். திங்கட்கிழமை அவனுக்கு ஒரு சிலிண்டர் மேல் மட்டும்தான் சந்தேகம். இப்போது நான்கின் மேலும் சந்தேகம். முன்பு முகம் தெரியாத எவனோ ஒருவனுக்குத்தான் பயந்தான். இப்போது தன் கைக்கே பயந்தான்.

உமாராணி அவன் கையில் பி.பி. கருவியைச் சுற்றினாள். ஊசி ஏறிய உயரத்தைப் பார்த்து அவள் இன்னொரு தடவை அடித்தாள். அதைவிட ஏறியது.

“நூத்தி எழுவது. இதோட மேல போவப் போறியளா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒரே உலை, ஒரே சாயங்காலம், தயாரிப்பாளர் கடிதம், குமிழி. பறக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதையும் சொன்னான். ஆறு வருஷத்தைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிடலாம். ஊர் நாலு நாள் சிரிக்கும். உயிர் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

உமாராணி கருவியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

“நம்பரு லிஸ்ட்ல இருக்கா, இல்லியா?”

“இல்ல. ஆனா ஒரு நம்பருதான் தள்ளி இருக்கு.”

“எங்க ஆஸ்பத்திரிக்கும் லிஸ்ட் வரும். இன்ன பேட்ச் மருந்து சரியில்ல, ஒதுக்கி வையின்னு. இருந்தா ஒதுக்கிருவோம். இல்லன்னா ஊசியைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம். ஒரு நம்பரு தள்ளி இருக்குன்னு காய்ச்சக்காரனைத் திருப்பி அனுப்புதமா?”

அவன் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

“எங்கனயாவது ஒரு கோடு போட்டுத்தான ஆவணும். அந்தப் பக்கம் இருக்கோம். அவ்வளவுதான். அந்தக் கோட்டை நம்பாம எப்பிடி வாழுதது?”

மூன்று நாளில் முதல் தடவையாக அவன் வயிற்றில் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை குளத்துக்கரை முழுக்கக் கூட்டம். கடையத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவன் கரும்புச்சாறு வண்டியே போட்டுவிட்டான். தொப்பி வைத்த அதிகாரி விமானத்தை இரண்டு முறை சுற்றி வந்து, ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்து, தயாரிப்பாளர் கடிதத்தை ஃபைலில் பார்த்துத் தலையாட்டினார். செல்லப்பா சலவைச் சட்டையில் வந்து நின்று, வாலில் இருந்த எழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டிராஜ் உள்ளே ஏறினான். பெல்ட்டை மாட்ட அவனால் முடியவில்லை, சங்கிலிப்பாண்டி மாட்டிவிட்டார்.

“ஏலே, நம்பரை நெனச்சுக்கோ. வேற ஒண்ணையும் நெனைக்காத.”

அவன் நினைத்தான். எஞ்சின் பிடித்தது. ஐம்பத்து நாலாயிரத்து இருநூத்தி பதினாறு. விமானம் குலுங்கிக்கொண்டு ஓடியது. இருநூத்தி பதினாறு. கரை எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. பதினாறு, பதினாறு. விமானத்தை மேலே எழுப்புகிற குச்சியைத் தன் பக்கம் இழுத்தான். குலுக்கல் சட்டென்று நின்றது. கரையும் கரும்புச்சாறு வண்டியும் காலுக்குக் கீழே போயின.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அவன் மலையைப் பார்த்தான் என்றோ ஊரைப் பார்த்தான் என்றோ சொன்னால் பொய். தென்காசிக் கோபுரம் இடது இறக்கைக்கு அடியில் வந்தது, போனது. குற்றாலத்துப் பாறையில் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் காதால் மட்டும் உயிரோடு இருந்தான். நான்கு சிலிண்டர்களின் சத்தத்தில் நாலாவதைத் தனியாகப் பிரித்துக் கேட்டான். அது ஒழுங்காக அடித்தது. ஒழுங்காக அடிப்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. கணவாய்க் காற்று ஒரு தட்டுத் தட்டியபோது விமானம் நாற்பது அடி விழுந்து எழுந்தது. எஞ்சின் ஒரே ஒரு தடவை இருமியது. அந்த இருமலுக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் அவனுடைய கல்யாணம், வீடு, முடிக்காமல் விட்ட இரண்டு டிராக்டர் எல்லாம் வந்து போயின. எஞ்சின் தொடர்ந்தது. பட்டியலில் இல்லை என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். லிஸ்ட்ல இல்ல, லிஸ்ட்ல இல்ல. அந்த ஒரு ஆறைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் அவன் இறங்கி வந்தான்.

சக்கரம் இரண்டு முறை துள்ளி, மூன்றாவது முறை மண்ணில் நின்றது.

கரையிலிருந்து சனம் இறங்கி ஓடி வந்தது. சங்கிலிப்பாண்டி அழுதுகொண்டே கெட்ட வார்த்தை சொன்னார். உமாராணி அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை விடாமல் நின்றாள். அதிகாரி தொப்பியைக் கழற்றி, கை கொடுத்து, ஃபைலில் கையெழுத்துப் போட்டார். இனி இருபத்தைந்து மணி நேரம் தனியாகப் பறந்து கணக்கு முடித்தால் நிரந்தர அனுமதிக்கு எழுதலாம் என்றார். அவசரம் இல்லை, உடம்பு தேறிய பிறகு ஆரம்பித்தால் போதும் என்றும் சொன்னார்.

பாண்டிராஜ் தன் உடம்பைக் கவனித்துப் பார்த்தான். பயம் இல்லை. இடத்தைக் காலி செய்துகொண்டு போயே போய்விட்டது. மலையை இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

“காத்து ஏறுததுக்குள்ள இப்பவே இன்னொரு ரவுண்டு போறேன் சார்” என்றான்.

“நேத்து வரைக்கும் அழுதது யாருலே?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“நேத்து எனக்கு அறிவு இல்ல அண்ணாச்சி.”

அவன் ஏறி உட்கார்ந்தான். இந்தத் தடவை பெல்ட்டைத் தானே மாட்டினான். உமாராணி கையாட்டிக்கொண்டே கரைக்குப் போனாள். சங்கிலிப்பாண்டி கூட்டத்தை விலக்கினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தயாராகச் சொன்னார். பாண்டிராஜின் கை ஸ்டார்ட்டர் சாவிக்குப் போனபோது ஜன்னல் பக்கம் செல்லப்பா வந்து நின்றார். முகத்தில் பூரிப்பு.

“அண்ணாச்சி, ஒரு வாரமா சிலிண்டரு சிலிண்டருன்னு கவலப்பட்டியளாமே. இப்பந்தான் கேள்விப்பட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தைரியம் சொல்லிருப்பேன்.”

“என்ன தைரியம்?”

“சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வைக்க வந்தம்லா, அப்ப எஞ்சினு தரையில கெடந்துச்சு. சிலிண்டரு நம்பரை எல்லாம் ஒண்ணொண்ணாக் கூட்டிப் பாத்தேன். மூணு நல்ல நம்பரு. நாலாவது மட்டும் கூட்டுனா எட்டு வருது. எட்ட வச்சுக்கிட்டு ஒரு மனுசன் மேல போவலாமா? பேரு வெட்டுத மிசினு கையிலதான இருந்துச்சு.”

பாண்டிராஜின் கை சாவியிலேயே இருந்தது.

செல்லப்பா ஜன்னலுக்குள் குனிந்து, நல்லது செய்த மனிதனின் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கடேசியில கெடந்த அஞ்சை நான்தான் அண்ணாச்சி ஆறாக்குனேன்.”